ஆற்றில் போட்டு ஹப்பில் தேடு

விருத்தாசலத்திலிருந்து வெளியூருக்குப் பார்சல் போட்ட முதல் ஆள் சுந்தரமூர்த்தி நாயனார். எங்கள் ஊர்ச் சிவன் பழமலைநாதரிடம் 12,000 பொன் வாங்கியவர், அதை இங்கே மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. விவரமான மனிதர். பின்னால் தகராறு வந்தால் காட்டுவதற்கு, மச்சமாக ஒரு துண்டுப் பொன்னை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். திருவாரூர் போய்க் குளத்தில் இறங்கித் துழாவினால் சரக்கு வரவில்லை. கரையில் நின்ற பரவையார், ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடுகிறீரே என்று சிரிக்கிறார். ஒரு பதிகம் பாடிய பிறகுதான் பொன் வந்தது. வந்ததை உரைத்துப் பார்த்தால் மச்சத்தைவிட மாற்றுக் குறைவு. மறுபடி பாட்டு, அப்புறம்தான் தரம் சரியாயிற்று. உரைத்துப் பார்த்துச் சொன்னவர் என்று மாற்றுரைத்த பிள்ளையார் இன்றைக்கும் அந்தக் குளக்கரையில் இருக்கிறார்.

டெலிவரி தாமதம், தரக் குறைவு, புகார், மறுபடி புகார் என்று எல்லாமே இந்தக் கதையில் இருக்கிறது. போஸ்டேஜ் யார் தலையில் என்பதை மட்டும் சேக்கிழார் எழுதாமல் விட்டுவிட்டார். எழுதியிருந்தால் எனக்கும் என் மச்சினனுக்கும் வேலை பாதி குறைந்திருக்கும்.

மச்சினன் பீங்கான் பொம்மை செய்கிறான். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியோடு களிமண்ணும் வருவதால், பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்குப் பீங்கான் ஒட்டிக்கொண்டது. தொழிற்பேட்டை இருக்கிறது, பீங்கானில் டிப்ளமோ படிக்க அரசு நிறுவனமே இருக்கிறது. ஒரு காலத்தில் ஃபியூஸ் கேரியர் செய்த கைகள் இப்போது அகல் விளக்கும் பிள்ளையாரும் செய்கின்றன. ஊரோடு ஒத்துவாழ் என்று மச்சினனும் ஆன்லைனில் கடை திறந்தான். சூளைச் சூட்டைத் தாங்குகிறவனுக்கு ஒரு மெசேஜைத் தாங்கத் தெரியாது. அதனால் சாயங்காலமானால் பதில் தட்டுகிற வேலை எனக்கு.

அதில் ஒன்று கவனித்தேன். பொம்மை விலை கேட்கும்போது நாம் "அண்ணா". போஸ்டேஜ் சொன்னதும் "சார்". அனுப்பிவிட்டோம், இனி கேன்சல் ஆகாது என்றால் "ஹலோ". அதற்கடுத்தபடி கன்ஸ்யூமர் கோர்ட். அண்ணனிலிருந்து எதிர்க்கட்சிக்காரன் ஆக ஒரு ராத்திரி போதும்.

எல்லாச் சண்டைக்கும் வேர், கூரியர்காரர் எடை போடும் விதம். தராசில் வைக்கிறார், ஒன்றரைக் கிலோ. அதோடு விட்டால் மனிதர். டேப்பை எடுத்துப் பெட்டியை அளக்கிறார். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் வருவதற்குப் பெயர் வால்யூமெட்ரிக் எடை. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. முப்பதுக்கு முப்பதுக்கு முப்பது பெட்டி என்றால் 5.4 கிலோ. உள்ளே பொம்மை ஒன்றரைக் கிலோதான், மற்றதெல்லாம் வைக்கோலும் காற்றும். பெட்டியைச் சின்னதாக்கினால் பிள்ளையாரின் தும்பிக்கை தனியாகப் போய்ச் சேரும்.

பேக்கிங் பார்க்கிற அக்கா இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டார். அடியில் வைக்கோல், பொம்மைக்குப் பழைய பேப்பர், அதன்மேல் பபுள் ஷீட், இடுக்கிலெல்லாம் மறுபடி வைக்கோல். ஒட்டி முடித்ததும் பெட்டியைக் காதருகே வைத்து ஒரு குலுக்கு. உள்ளே ஏதாவது அசைகிற சத்தம் கேட்டால் டேப்பைக் கிழித்து முதலிலிருந்து ஆரம்பம். அந்தக் குலுக்கலுக்கு எந்த பில்லிலும் காசு கிடையாது.

"ஒரு பொம்மை 250 ரூபா, போஸ்டேஜ் 180 ரூபாயா? மண்ணுக்கு மேல காத்துக்குக் குடுக்கணுமா சார்?" என்று கோயம்புத்தூர் அம்மா ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. காற்றை விற்கிறவர்கள் நாங்கள் இல்லை, எங்களுக்கும் அதை வேறொருவர்தான் விற்கிறார் என்று எழுதினேன். பதில் இல்லை.

ஊரே செய்கிற வித்தையைப் பிறகு நாங்களும் செய்தோம். போஸ்டேஜைப் பொம்மை விலையில் கரைத்து, '430 ரூபாய், டெலிவரி இலவசம்' என்று போட்டோம். அதே பொம்மை, அதே காசு, ஆனால் விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. இலவசம் என்றால் நம் ஜனங்களுக்கு வரும் தெளிவே தனி. ஆனால் பழைய விலையை ஞாபகம் வைத்திருந்த புண்ணியவான் ஒருவர் மூன்று பொம்மை கேட்டார். "மூணும் ஒரே பெட்டிதானே போகும்? உள்ள ஒளிச்சு வெச்சிருக்கிற ரெண்டு போஸ்டேஜைக் கழிச்சிடுங்க."

மச்சினன் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "மாமா, இவரு ஆடிட்டரா இருப்பாரு."

கேன்சல் சீசன் நவராத்திரி. மகாளய அமாவாசைக்கு முன்னால் ஆர்டர் குவியும். அமாவாசை கழிந்ததும், "எதிர்வீட்டு மாமி அவங்க பழைய செட்டைக் குடுத்துட்டாங்க, கேன்சல் பண்ணிடுங்க" என்று வரும். பெட்டி அதற்குள் லாரியில் ஏறி ஏதோ ஒரு ஹப்பில் தூங்கிக்கொண்டிருக்கும். வாங்குகிறவருக்குக் கேன்சல் என்பது ஒரு பட்டன், தொட்டால் முடிந்தது. விற்கிறவனுக்கு அது லாரியைத் திருப்பும் காரியம். தசாவதார செட் வாங்கிய ஒருவர் இன்னும் நுட்பமாகப் போனார்: "பத்துல கல்கி இன்னும் அவதாரமே எடுக்கலையே சார். அதை மட்டும் கேன்சல் பண்ணிட்டு ஒன்பதுக்குப் பில் போடுங்க. வெயிட்டும் குறையும், போஸ்டேஜும் குறையும்." இதற்கு நான் என்ன பதில் தட்ட?

கேஷ் ஆன் டெலிவரியில் இன்னொரு தத்துவம். "நான்தான் காசே குடுக்கலையே, உங்களுக்கு என்ன நஷ்டம்?" போன கூலி, திரும்பி வந்த கூலி இரண்டும் எங்கள் கணக்கு. நாங்கள் பார்க்காத ஊரையெல்லாம் பார்த்துவிட்டு வந்து சேர்ந்த ராதாகிருஷ்ணரில் ராதை பத்திரம், கிருஷ்ணர் கையில் புல்லாங்குழல் மட்டும் இல்லை. இப்படி வாங்காமல் திருப்பி அனுப்புவது புது நோய் என்று யாரும் நினைக்க வேண்டாம். தபால் துறை இந்தியாவில் வி.பி.பி.யைக் கொண்டுவந்தது 1877-ல். பத்திரிகை விளம்பரம் பார்த்து ஒரு கார்டு போட்டால் போதும், தபால்காரர் பொருளோடு வாசலில் நின்று காசு கேட்பார். கார்டு போட்டவர் அதற்குள் மனசு மாறியிருப்பார். "அவரு ஊர்ல இல்லையே" என்று அவர் குரலே உள்ளேயிருந்து வரும்.

இவ்வளவு புலம்புகிற என் மச்சினன், தான் வாங்குகிற பக்கம் போனால் வேறு ஆள். 400 ரூபாய்க்கு மேல் டெலிவரி இலவசம் என்றால், 320 ரூபாய் ஹெட்போனோடு 99 ரூபாய் சாக்ஸைச் சேர்த்து ஆர்டர் போடுவான். ஆர்டர் உறுதியானதும் சாக்ஸ் கேன்சல். "அங்க உக்காந்திருக்கிறவனும் என்னை மாதிரி ஒருத்தன்தானே மாமா" என்று ஒருநாள் அவனே சொன்னான். சொல்லிக்கொண்டேதான் பட்டனைத் தொட்டான்.

ஒருமுறை அவன் பாதி விலைக்குப் பிடித்த மிக்சியை எதிர்த்தரப்பே 'ஸ்டாக் இல்லை' என்று கேன்சல் செய்தது. மறுநாள் அதே மிக்சி முழு விலைக்கு அங்கேயே உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு அவனுக்குச் சட்ட ஞானம் பிறந்தது. 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளை இருவரும் உட்கார்ந்து படித்தோம். விற்கும் தளம் தானாகக் கேன்சல் செய்யும்போது அதே போன்ற கட்டணத்தைத் தானும் ஏற்காவிட்டால், வாங்கியவர் கேன்சல் செய்ததற்கு அது கட்டணம் பிடிக்கக் கூடாதாம். "பாத்தியா மாமா, நியாயம்!" என்று குதித்தான். அடுத்த பக்கம் புரட்டினோம். 2019 சட்டப்படி, வாங்கியவர் தான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை. அதாவது 250 ரூபாய்ப் பிள்ளையாருக்கு நாகர்கோவில்காரர் காலணா செலவில்லாமல் நாகர்கோவிலிலேயே வழக்குப் போடலாம், பதில் சொல்ல வேண்டியது இவன். குதித்தவன் உட்கார்ந்தான்.

போஸ்டேஜ் தராமல் தப்பிக்க ஜனங்கள் படுகிற பாடு தனி. "என் மாமனார் மதுரைக்குப் போறார், உங்க ஜங்ஷன்ல வண்டி நிக்கும், எஸ்-5 ஜன்னல்ல குடுத்துடுங்க" என்று ஒருவர். வண்டி நிற்கிற நேரத்தில் மாமனாரைக் கண்டுபிடிப்பதா, பெட்டியை ஜன்னல் கம்பியில் நுழைப்பதா?

இந்த வருஷம் செங்கல்பட்டுக்காரர் ஒருவர் விலையில் கரைத்த 180 ரூபாயைக் கழிக்கச் சொல்லி மூன்று நாள் வாதாடினார். கடைசியில், "ஒண்ணும் வேணாம், நானே வந்து எடுத்துக்கறேன்" என்று ரோஷத்தோடு முடித்தார். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியாரோடு வந்து இறங்கினார். பழமலைநாதரைத் தரிசித்து, ஹோட்டலில் ஐந்து சாப்பாடு முடித்துப் பட்டறைக்கு வந்தார்கள். நேரில் வந்ததற்குத் தள்ளுபடி கேட்டார், மச்சினன் கொடுத்தான். பஸ்ஸில் உடையாதபடி கட்டித் தரச் சொன்னார், அக்கா வைக்கோல் வைத்துக் கட்டிக் காதருகே குலுக்கிக் கொடுத்தார். போனவர் அரைமணியில் பெட்டியோடு திரும்பி வந்தார்.

"தம்பி, பஸ்ஸெல்லாம் ஒரே கூட்டம். இதை நீங்களே பார்சல்ல போட்டு விட்டுடுங்க. டெலிவரி இலவசம்னு போட்டிருக்கீங்கல்ல?"