கமராத் தம்பி

குறிகட்டுவான் இறங்குதுறையில் விடியற்காலையிலேயே இவரைக் காணலாம். எண்ணமுடியாத பைகள் வைத்த காற்சட்டை, காட்டுப்பச்சைத் தொப்பி, கழுத்தில் முழநீளக் குழல் பூட்டிய கமரா. மற்றவர்கள் சீமெந்தும் மாட்டுத் தீவனமும் ஏற்றிக்கொண்டிருக்க, இவர் வெளிச்சத்தை அளந்துகொண்டிருப்பார். அறுபது வயதானாலும் நெடுந்தீவில் இவர் பெயர் ‘கமராத் தம்பி’தான்.

படகு கிளம்பியதும் பக்கத்தில் இருப்பவருக்கு வகுப்புத் தொடங்கும். நெடுந்தீவின் குதிரைகளைக் கொண்டுவந்தது போர்த்துக்கேயர், பெருக்கியது ஒல்லாந்தர், தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவானது. எல்லாம் சரியான தகவல். கேட்டுக்கொண்டிருப்பவர் கோடைக்குக் கோடை அந்தக் குதிரைகளுக்குத் தொட்டியில் தண்ணீர் நிரப்புகிறவர் என்பது மட்டும் வகுப்பில் வராது.

வெட்டவெளியில் இறங்கினால், “தூர நிண்டு பாக்கிறதுதான் மரியாதை” என்று சொல்லிக்கொண்டே பத்தடி முன்னேறுவார். தண்ணீருக்கு வரும் தாய்க்குதிரையும் குட்டியும் இவர் படுத்துக் கிடப்பதைக் கண்டு திரும்பிவிடும். கூட்டம் சும்மா மேய்ந்தால் படத்தில் உயிர் இல்லையாம். ஆட்டோக்காரரை ஹோன் அடிக்கச் சொல்வார். வறட்சியில் தண்ணீரின்றிக் குதிரைகள் செத்த தீவு அது. தலைதெறிக்க ஓடும் அந்தக் குதிரைகளின் படத்துக்கு இவர் வைக்கும் தலைப்பு: ‘சுதந்திரம்’.

மனிதர் விஷயத்தில் இவர் இன்னும் கறார். 1880களில் ஜெர்மன் வியாபாரி ஹாகன்பெக் சிங்களவரையும் தமிழரையும் யானைகளோடு சேர்த்து ஐரோப்பிய நகரங்களில் காட்சிக்கு வைத்த கதையைச் சொல்லும்போது குரல் நடுங்கும். சுற்றுலாப் பயணிகளுக்கு முன்னால் ஜாரவாப் பழங்குடிப் பெண்களை ஆடவைத்த அந்தமான் காணொளி 2012இல் வெளியானபோது கிழமைக்கணக்கில் கொதித்தவர். கோபம் பொய்யில்லை.

முருகைக்கல் வேலிக்கு அப்பால் ஆச்சி ஒருவர் பனையோலைப் பெட்டி இழைப்பதைக் கண்டதும்தான் சிக்கல்.

“அம்மா, இயல்பா இருங்கோ!”

இயல்பாகத்தான் இருந்தார். அது போதவில்லை. வெயில் விழும் பக்கம் திரும்பி உட்காரவேண்டும். பின்னால் தெரியும் நீலப் பிளாஸ்டிக் தண்ணீர்த்தாங்கியை உருட்டிவிடவேண்டும். கைத்தொலைபேசி மடிக்குள் போகவேண்டும்.

ஆச்சி எல்லாவற்றுக்கும் இசைந்தார். முடிந்ததும் கேட்டார்:

“தம்பி, எனக்கும் ஒரு படம் அனுப்புவியளோ? மகள் கனடாவில.”

“கட்டாயம் அனுப்புறன் அம்மா.”

“போன வருசம் வந்தவரும் கட்டாயம் எண்டவர். அதுக்கு முதல் வந்த வெள்ளைக்காரரும் தலையாட்டினவர்.” மடியிலிருந்து தொலைபேசியை வெளியே எடுத்தார். “இந்தாங்கோ நம்பர், வாட்ஸப்பில போடுங்கோ. இதில நிண்டால் சிக்னல் நல்லா வரும்.”