கழியில் ஊன்றிய கழி: கைப்பிடிக் கனம் குறித்து ஒரு முன்னாய்வு

கோல்ஃப் ஆட்டத்தில் பந்தைக் குழிக்குள் மெல்லத் தட்டிவிடும் கோலுக்குப் பட்டர் என்று பெயர். இச்சொல் திருவரங்கத்தில் அர்ச்சகரையும் உணவகங்களில் வெண்ணெயையும் குறிக்குமாதலால், வீண் குழப்பம் தவிர்க்க இக்கட்டுரையில் அதைத் ‘தட்டுகோல்’ என்றே வழங்குவோம். அதன் கைப்பிடியில் எடை ஏறினால் பிடித்தவன் கைக்கு என்ன தோன்றும்? இதுவே ஆய்வுச் சிக்கல்.

இதற்குக் களமாகப் பழவேற்காடு ஏரி எதற்கு என்று தேர்வாளர்கள் கேட்கக்கூடும். அந்த ஏரிக்கரைக் குப்பங்களில் கோல்ஃப் ஆடுவோர் இல்லை. ஆகவே விளம்பரம் பார்த்துக் கெட்ட கைகளும் இல்லை. ஆனால் நீண்ட கோலொன்றின் மேல்பாகத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத கீழ்முனையில் நடப்பதைக் கையாலேயே அறிகிறவர்கள் அங்கே ஏராளம். மேலும், படகு தள்ளும் கோலும் கழி, கடலை ஒட்டிய உப்புநீர்ப் பரப்பும் கழி. கழியில் கழி ஊன்றும் ஊரை விட்டுவிட்டுக் கோல்ஃப் மைதானத்துக்கா போவது?

சொல்லாராய்ச்சி செய்யாமல் தமிழில் ஆய்வு தொடங்குவது மரபன்று. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். கோல்ஃப் என்ற பெயர் தடியைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பது அகராதிக்காரர் பலரின் கருத்து. தடிக்குத் தமிழில் கோல். எஞ்சி நிற்கும் ‘ஃப்’ என்பது, சேற்றில் மாட்டிய கழியைப் பிடுங்குகிறவர் விடும் பெருமூச்சு. ஆகக் கோல்ஃப் பழவேற்காட்டிலிருந்து கப்பலேறிய சொல் என்ற கொள்கையை நான் மூன்று மாதம் கண்ணும் கருத்துமாக வளர்த்தேன். வில்வித்தை கெடுகிறதென்று ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 1457இலேயே கோல்ஃபைத் தடைசெய்த சேதி பிறகுதான் கண்ணில் பட்டது. 156 ஆண்டு இடைவெளியை ஒரு பெருமூச்சால் அடைக்க முடியவில்லை. கொள்கையைக் கைவிட்டேன், ஆனால் பத்தியை நீக்க மனம் வரவில்லை.

அடுத்து ‘கனம்’. இந்தச் சொல்லுக்குத் தமிழில் எடை என்றும் பொருள், தடிமன் என்றும் பொருள், நீதிபதிகளுக்கு முன்னே போட்டால் மரியாதை என்றும் பொருள். தட்டுகோல் விற்பவர்கள் இம்மூன்றையும் ஒரே உறையில் போட்டு விற்கிறார்கள். தடித்த கைப்பிடி எடை மிகுந்தது என்று வாங்குபவன் நினைத்துக்கொள்கிறான். நுரைபோன்ற பொருளில் செய்த பருத்த கைப்பிடி, ஒல்லியான ரப்பர் பிடியைவிட எடை குறைந்ததாகவும் இருக்கலாம். பருமன் மணிக்கட்டைக் கட்டிப்போடும். எடை கோலின் சமநிலைப் புள்ளியை நகர்த்தும். இரண்டும் வேறு வேறு வேலை. மூன்றாவது கனம், அதாவது மரியாதை, விலைச்சீட்டில் இருக்கிறது.

சமநிலைப் புள்ளிக்கு வருவோம். தலைப்பாகம் 350 கிராம், தண்டு 115 கிராம், கைப்பிடி 60 கிராம், நீளம் 34 அங்குலம் என ஒரு தட்டுகோலை வைத்துக் கணக்குப் போட்டேன். விரல்மேல் வைத்தால் அது மேல்நுனியிலிருந்து ஏறக்குறைய 68 சென்டிமீட்டரில் நிற்கும். கைப்பிடியை 120 கிராமாக்கினால் 62க்கு வந்துவிடும். மொத்த எடை கூடியிருக்கிறது. கைக்கோ தலை இளைத்ததுபோல் இருக்கும். கோல்ஃப் பட்டறைகளில் இதை அளக்க ஒரு தராசு உண்டு. மேல்நுனியிலிருந்து 14 அங்குலத்தில் முட்டுக்கொடுத்து, தலை எவ்வளவு கீழிழுக்கிறது என்று பார்ப்பார்கள். கைப்பிடியில் நான்கைந்து கிராம் கூட்டினால் அதில் ஒரு புள்ளி இறங்கும் என்பது அவர்கள் வாய்ப்பாடு. நம் வெள்ளிக்கோலும் இதே வித்தைதான். அது பண்டத்தை நிறுத்தது, இது உணர்ச்சியை நிறுக்கிறது.

சூட்சுமம் என்னவென்றால், தலை ஒரு கிராம்கூட இளைக்கவில்லை. கை இருக்கும் இடத்திலேயே ஏற்றிய எடை, கையைச் சுற்றிக் கோல் வீசப்படுவதற்குப் பெரிய தடையாகவும் இராது. ஆனால் தலையிலிருந்து வரும் சேதி மங்கும். படபடக்கும் கைக்கு அந்த மந்தம் வரப்பிரசாதம். நிதானமான கைக்கோ காதில் பஞ்சு வைத்ததுபோல் இருக்கும்.

இனிக் களம். பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்புநீர் ஏரி. பரப்பைக் கேட்டால் பிரமிப்பு, ஆழத்தைக் கேட்டால் சிரிப்பு: சராசரியாக ஒரு மீட்டர். எஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டுக் கழியை எடுக்கவேண்டிய மேடுகளுக்குக் குறைவில்லை. எந்த நாளில் யார் எங்கே வலை கட்டுவது என்பதை முறைவைத்துப் பிரிக்கும் பழைய ‘பாடு’ ஏற்பாட்டை மீன்வளம் படிப்பவர்கள் எல்லாரும் அறிவர். என் ஆய்வுக்கு அதனால் பெரும் உதவி. பாடு இல்லாத நாளில்தான் ஆள் கிடைக்கும், அன்றைக்குத்தான் அவர்களுக்கு வேடிக்கையும் தேவை.

மாதிரி எண்ணிக்கை நான்கு படகுக்காரர்கள். ஒருவர் நடுவில் டீ குடிக்கப் போய்விட்டதால் மூன்றே முக்கால் என்று கொள்க.

முதலில் தட்டுகோலைக் கொடுத்தேன். நால்வரில் பெரியவர் ஒருவர் வாங்கி, தலையைத் தரையில் ஊன்றாமல், தண்டை இரு விரலில் நிறுத்திப் பார்த்தார். பட்டறைக்காரர் தராசில் பார்ப்பதை அவர் விரலில் பார்த்தார்.

“இன்னா சார், இதுக்குத் தலைதான் இருக்குது, உடம்பே இல்லியே.”

என் கருதுகோள் தயாராக இருந்தது (இந்த ஆய்வில் அதைக் கருதுகோல் என்றே எழுதலாம்). படகுக் கழியின் மேல்முனையில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளைக் கயிறு சுற்றிக் கட்டினேன். மேலே எடை ஏறினால் சேறு அப்பிய அடிமுனை இலேசாகத் தோன்றவேண்டும். இளைஞர் ஒருவர் பத்துத் தரம் ஊன்றித் தள்ளினார். திரும்பி வந்து கழியைப் படகில் போட்டார்.

“வலைக்குக் கட்டுற ஈயத்தைக் கழிக்குக் கட்டிக்கிறீங்க. மீனு மேல ஏறி வரும்னா?”

“அடி இலேசா இருந்ததா, இல்லையா தம்பி?”

“அடி இலேசாத்தான் கீது. ஆனா மணலா சேறான்னு சொல்ல மாட்டேங்குது சார். வாயில துணி வெச்ச மாதிரி.”

காதில் பஞ்சு என்று நான் எழுதியதும் வாயில் துணி என்று அவர் சொன்னதும் ஒன்றே. அவர் சொன்னது மேல். பேசுவது கழி, கேட்பதுதான் கை.

ஆனால் என் கணக்கைக் கவிழ்த்தது வேறொன்று. தட்டுகோலுக்குக் கைப்பிடி ஓரிடத்தில் இருக்கிறது. கழிக்கு அப்படி இல்லை. ஊன்றும்போது கை நடுவில் இருக்கும். படகு நகர நகரக் கைமேல் கை வைத்து ஏறும். கடைசித் தள்ளு மேல்நுனியில். பிடுங்கும்போது மறுபடி கீழே. ஒவ்வொரு ஊன்றலிலும் சமநிலைப் புள்ளி கையைக் கடந்து போய் வருகிறது. இதில் மூங்கில் வேறு தண்ணீருக்குள் மிதக்கப் பார்க்கும், வெளியே எடுத்ததும் நீரும் சேறுமாகக் கீழிழுக்கும். ஒரே கழி ஒரே நிமிடத்தில் பல கழியாகிறது. பெரியவரிடம் கனத்துக்கு என்ன செய்வீர்கள் என்றேன்.

“கனமா இருந்தா கையக் கொஞ்சம் எறக்கிப் பிடிப்போம். இதுக்கு எதுக்கு ஈயம்?”

கோல்ஃப் ஆடுபவர்களும் கையை இறக்கிப் பிடிப்பதுண்டு. அதற்குச் செலவில்லாததால் அதைப் பற்றி விளம்பரம் வருவதில்லை.

விதிமுறைச் சிக்கல் ஒன்றையும் பதிவுசெய்ய வேண்டும். கோலின் நுனியை உடம்பில் அண்டக் கொடுத்துத் தட்டுவதைக் கோல்ஃப் விதிகள் 2016 சனவரி முதல் தடைசெய்துவிட்டன. கடைசித் தள்ளில் கழியின் நுனியைத் தோளில் முட்டுக்கொடுத்த அந்த இளைஞர், இவ்விதிப்படி ஆட்டத்துக்கு வெளியே. சேதியைச் சொன்னேன். அவர் படகைக் கட்டிக்கொண்டிருந்தார்.

புறப்படும்போது தட்டுகோலைக் காணவில்லை. தேடிப் போனால், கருவாடு காயும் இடத்தில் ஒரு ஆயா அதைத் தலைகீழாகப் பிடித்துக் காக்கை விரட்டிக்கொண்டிருந்தார். 350 கிராம் இரும்பு உள்ளங்கையில். ரப்பர் பிடி காற்றில். கைப்பிடியில் இவ்வளவு எடை வைத்து எந்த நிறுவனமும் கோல் செய்ததில்லை என்று நினைக்கிறேன். நுனி சவுக்குக் குச்சிபோல் பறந்தது.

“ஆயா, அது அப்படிப் பிடிக்கிறது இல்ல.”

“இப்டித்தான் கண்ணு கைக்கு அடக்கமா கீது” என்றார், ஒரு காக்கையைக் குறிபார்த்தபடி.