குடிக்கூலி மரபியல்

தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவால் ஆறாக வகுத்தது. புல்லும் மரமும் ஓரறிவு, மக்கள் ஆறறிவு. பழுதில்லாத பகுப்புதான். ஆயினும் தொல்காப்பியர் வாடகை வீட்டில் குடியிருந்ததாகச் செய்தி இல்லை; இருந்திருந்தால் கேள்வியைத் திருப்பிப் போட்டிருப்பார். ஓர் உயிருக்குப் புலன் எத்தனை என்று தெரிந்து குடித்தனக்காரருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அது ஹவுஸ் ஓனரின் புலன்களில் எத்தனையை எட்டுகிறது என்பதே அவர் அறிய வேண்டியது. சென்னை மாநகர வழக்கை எல்லையாகக் கொண்டு அதனை ஈண்டு வகுத்துரைப்பாம்.

ஒருபுல உயிராவது மீன். கண்ணை மட்டும் எட்டும். கொளத்தூர்க் கடைகளில் வாங்கி, காற்றடைத்த பாலிதீன் பையில் ஆட்டோவில் வந்திறங்கும் இதனை ஓனர்கள் உயிர் என்றே எண்ணுவதில்லை. “மீன் தொட்டிதானே, தாராளமா வெச்சுக்கோங்க. வாஸ்துவுக்கு நல்லது” என்பார்கள். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியை நிரப்பினால் நீர் மட்டுமே ஏறத்தாழ 250 லிட்டர், அதாவது கால் டன். அந்த வீட்டில் கட்டடத்துக்கு மிகுந்த பாரம் மீன். மிகுந்த நற்பெயரும் மீனுக்கே.

இருபுல உயிர் கூண்டுப்பறவை. கண்ணோடு காதையும் எட்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஆஸ்திரேலியாவைப் பூர்விகமாகக் கொண்ட லவ் பேர்ட்ஸை வளர்க்கத் தடையில்லை. இந்த மண்ணிலேயே பிறந்த பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பதோ 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நாய் என்ற பேச்சை எடுத்ததுமே “அதெல்லாம் நம்ம வீட்டுல ஒத்துவராது சார்” என்று கையை விரிக்கும் ஓனரின் வராந்தாவில் தொங்கும் கூண்டை ஒருமுறை நிமிர்ந்து பார்க்க. பார்த்ததை அட்வான்ஸ் திரும்பக் கைக்கு வரும்வரை வாய்விட்டுச் சொல்லற்க.

முப்புல உயிர் பூனை. முதலில் மூக்கை எட்டும். கருத்தடை செய்யாத கடுவன் எல்லை குறித்துவிட்டுப் போன மாடிப்படி மூலையைப் பினாயிலும் மறைக்காது. அடுத்து மெய்யை எட்டும்: கிழிந்த கொசு வலை, பிறாண்டிய கதவு. கண்ணில் படுவது கடைசியில்தான். அதற்குள் ஆறுமாதம் ஓடியிருக்கும். பிடிபட்டபோது குடித்தனக்காரர் சொல்வதற்கு மரபில் ஒரே வாசகம்தான் உண்டு: “நாங்க வளர்க்கல ஆன்ட்டி, அதுவா வருது.”

வளர்ப்பது, வருவது எனப் பூனை இருவகைப்படும் என்னும் இக்கொள்கை தன்னளவில் பிழையன்று. வருவதற்கும் பால் வைக்கலாம். நெத்திலித் தலை போடலாம். மழையில் நனைந்தால் துடைத்தும் விடலாம். இத்தனைக்கும் பிறகும் அது வருவதே. ஆனால் எங்கள் தெருவில் ஓர் ஓனரம்மா இந்த வாதத்தை ஒரே கேள்வியில் உடைத்தார்: “வர்ற பூனைக்கு எதுக்கும்மா கழுத்துல மணி?”

இதற்குப் புறனடை திருவல்லிக்கேணி மேன்சன். அங்கே பூனை யாருடையதும் அன்று. ஒரே பூனை ஓர் அறையில் ஒரு பெயருக்கும் எதிர் அறையில் வேறொரு பெயருக்கும் திரும்பிப் பார்க்கும், இரண்டிலும் சாப்பிடும். வாடகையைப் பங்கிடுவதில் தீராப் பகை கொண்ட அறைத்தோழர்களும் பால் பாக்கெட் செலவைக் கணக்கில் எழுதுவதில்லை. பேச்சிலருக்கே வீடு கொடுக்க அஞ்சும் ஊரில், பேச்சிலரையும் பூனையையும் ஒருங்கே பொறுத்துக்கொண்ட கட்டடங்கள் என்பதற்காகவே மேன்சன்கள் போற்றத்தக்கன என்பது என் துணிபு.

நாற்புல உயிர் நாய். நாவொழிந்த நான்கையும் எட்டும். இது வாடகை வீட்டுக்குள் நுழைவது எப்போதும் குட்டியாகவே. மரபியல் இளமைப் பெயர்கள் ஒன்பது சொல்லும். புரோக்கருக்கு ஒன்றே போதும். “குட்டி நாய்தான் சார்” என்று அவர் சொல்லும் நாளில் அது பொய்யும் இல்லை, செருப்புப் பெட்டிக்குள் தூங்கும் அளவுதான். ஆனால் வாடகை ஒப்பந்தத்தின் மரபான காலம் 11 மாதம். லாப்ரடார் குட்டி ஏறக்குறைய முழு உயரத்தை எட்டுவதும் அதே கால அளவில்தான். புதுப்பிக்கும் நாளில் வாடகையை ஏற்ற வரும் ஓனரை வாசலில் வரவேற்பது முப்பது கிலோ. அவர் எவ்வளவு ஏற்றுவார் என்பது அந்த வரவேற்பின் வேகத்தைப் பொறுத்தது.

நாட்டு இனங்களான சிப்பிப்பாறையையும் ராஜபாளையத்தையும் இருபடுக்கையறை ஃபிளாட்டில் வளர்ப்போரும் உளர். வேட்டைக்கென்று ஓடிப் பழகிய உடம்பு அவற்றுக்கு. பால்கனியில் அவை நிற்பதைப் பார்த்தால் ஓனர் பக்கமே நியாயம் என்று ஒருகணம் தோன்றும்.

நாயைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது எனின், கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து விடை மாறும். பல்லாண்டு சென்னையிலேயே இயங்கிய இந்திய விலங்கு நல வாரியம் 2015-இல் குடியிருப்புச் சங்கங்களுக்கு வழிகாட்டுதல் விடுத்தது. பொதுக்குழுவில் பெரும்பான்மையாகக் கை தூக்கினாலும் வளர்ப்பு நாயைச் சங்கம் தடைசெய்ய முடியாது. குரைக்கிறது என்பது காரணம் ஆகாது. லிஃப்டை மறுக்கவும், அதற்கெனத் தனிக் கட்டணம் வாங்கவும் கூடாது என்பன அதன் சாரம். ஆகவே, செயலாளர் மாமா நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கும் ‘லிஃப்டில் நாய்களுக்கு அனுமதி இல்லை’ என்ற தாளை நாய்கூட மதிக்க வேண்டியதில்லை.

அற்றேல், குடித்தனக்காரர் வென்றாரோ எனின், வென்றிலர். வழிகாட்டுதல் சங்கத்தை நோக்கிப் பேசுவது. ஓனர் தம் ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிய நிபந்தனை வேறு சங்கதி. அவரிடம் இன்னும் பெரிய ஆயுதமாக அட்வான்ஸ் இருக்கிறது. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. வேறுவிதமாக ஒப்புக்கொள்வதில் நம்மவர்களை மிஞ்ச ஆளில்லை. அவசரத்தில் பத்து மாதத்துக்கும் தலையாட்டிவிடுகிறோம். காலி செய்யும் நாளில் பெயிண்டிங் என்று ஒரு மாதம் போகும். கதவின் கீழ்ப்பலகையில் நகக்கீறல் இருந்தால், “கதவையே மாத்தணும் சார், பர்மா தேக்கு” என்று இன்னொரு மாதம் போகும். கதவு பிளைவுட் என்பதை அதைப் பிறாண்டிய நாய் அறியும், சாட்சி சொல்லாது.

ஐம்புல உயிர் புறா. மொட்டைமாடியில் கூடு கட்டி வளர்க்கும் வடசென்னைப் புறாப் பிரியர்கள் இதனைப் பாராட்டாகவே கொள்க. கண், காது, மூக்கு சொல்ல வேண்டா. காயப்போட்ட வேட்டியில் எச்சம் விழுந்தால் அதைக் கட்டியவரின் மெய். பக்கத்தில் உலர்ந்த வடாம் வழியாக நாக்கு. ஐந்தையும் ஒரே வெயிலில் எட்டும் வளர்ப்புயிர் வேறில்லை.

ஆறாவதாகிய மனத்தை எட்டுவது கேட்டுக்கு வெளியே படுத்திருக்கும் தெருநாய். ஒப்பந்தத்தில் அதற்குப் பெயரில்லை. அதனால் காலி செய்யச் சொல்லவும் முடியாது. இரண்டாம் மாடிக் குடித்தனக்காரர் இரவு தயிர்ச்சோறு வைப்பார். கீழ்வீட்டு ஓனர் சண்டைக்கு வருவார். உணவிடும் இடத்தைக் குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்து தள்ளிக் குறித்துத் தரும் பொறுப்பை 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள் சங்கத்தின் மேல் வைத்திருக்கின்றன. குறித்துத் தந்த சங்கத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. கடிக்கு அஞ்சும் தாயும், சோறு வைக்கும் பெரியவரும் இருவருமே பொய் சொல்லவில்லை என்பதால் இவ்வகைக்கு உரை எழுதுவது கடினம், மேற்செல்வோம்.

இவ்வளவும் ஓனர் கீழ்வீட்டில் குடியிருக்கும்போது பொருந்துவன. அவர் நியூஜெர்ஸியில் இருந்தால் அவருடைய ஐம்புலனும் வாட்ஸப் ஒன்றே. அதற்கு மாதாமாதம் ஒன்றாம் தேதி வாடகை போய்ச்சேர்ந்த செய்தி மட்டும் எட்டினால் யானையும் வளர்க்கலாம்.

இனி, வளர்ப்புயிரோடு வீடு தேடும் வாசகருக்கு. “ஓனர் ஒண்ணும் சொல்லமாட்டார்” என்ற புரோக்கரின் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். என்ன இனம், எத்தனை, சேதத்துக்கு எவ்வளவு பிடித்தம் என்பதை ஒரு வரியாக ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். மாநகராட்சி உரிமத்தையும் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். சாமான் இறக்கும் முன்பே எல்லாக் கதவுகளின் கீழ்ப்பாதியையும் தேதியோடு படம் எடுத்து, அன்றைக்கே ஓனருக்கு அனுப்பிவிடுங்கள்.