நாயரிப்பியல்: ஓர் இல்லற ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

இரவு இரண்டு மணிக்கு மணி சொறிகிறது. இத்தொடரில் முதல் மணி காலத்தைக் குறிக்கும். இரண்டாம் மணி நாயைக் குறிக்கும். மற்றபடி இதில் பொருள் மயக்கம் ஏதுமில்லை. பின்னங்கால் தரையில் மோதுகிறது. கழுத்துப்பட்டையின் வில்லை கிலுகிலுக்கிறது. நாய் சாய்ந்திருக்கும் கட்டில் ஆடுகிறது. கட்டிலோடு ஆய்வாளரும் ஆடுகிறார். அம்பத்தூரில் நிலநடுக்கம் என்று முதல் மாதத்தில் இருமுறை லுங்கியோடு வாசலுக்கு ஓடியதும் உண்டு.

மணி ஆண் நாய், வயது 4, எடை 31 கிலோ. விற்றவர் லாப்ரடார் என்றார். வளர வளர வால் அதை மறுத்துவிட்டது. ஒன்றரை வயதில் அது தன் பாதங்களை நக்கத் தொடங்கியபோது, “எவ்வளவு சுத்தமான பிள்ளை” என்று வீட்டார் படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினர். அது சுத்தமன்று, நோயின் பாயிரம் என்பது பின்னரே புலப்பட்டது. நாய்களின் ஒவ்வாமைத் தோல்நோய் பெரும்பாலும் 6 மாதத்துக்கும் 3 வயதுக்கும் இடையில் தலைகாட்டும். மணி இலக்கணம் வழுவவில்லை.

ஆய்வு எல்லை: ஒரு நாய், இரண்டு அறையும் ஒரு கூடமும் உள்ள ஒரு வீடு, நான்கு மனிதர்கள், இரண்டரை ஆண்டு. பக்கத்து வீட்டுப் பூனை எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டது. அது அங்கே நிற்கவில்லை என்பது உரிய இடத்தில் விளக்கப்படும்.

சொல்லாராய்ச்சி

நாயின் குட்டியைக் குருளை எனலாம் என்று தொல்காப்பிய மரபியல் இசைவு தருகிறது. நாயையே ஞமலி என்றும் சொல்லலாம். நாய்க்கே இத்தனை பெயர் வைத்த தமிழ், அரிப்புக்கு இன்னும் தாராளம் காட்டுகிறது: நமைச்சல், ஊறல், தினவு, சொறி. இவற்றுள் தினவு ஈண்டு சிறப்பாக நோக்கத்தக்கது. தினவு தோளில் எடுத்தால் வீரம். அக்குளில் எடுத்தால் மருத்துவச் செலவு. மணிக்கு அக்குளில் எடுத்தது.

அரிப்பு என்ற சொல் ஆற்றங்கரைக்கும் உரியது. நீர் கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பதுபோல மணியின் முதுகு சோபாவின் கைப்பிடியைத் தின்றது. நச்சரிப்பு என்ற சொல்லுக்குள்ளும் அரிப்பு ஒலிக்கிறது. வேர்ச்சொல் அறிஞர்கள் இதை ஒப்பமாட்டார்கள். ஆனால் இவ்வீட்டில் அரிப்பு நாய்க்கும் நச்சரிப்பு மனிதருக்கும் ஒரே மாதத்தில் தொடங்கின என்பது கள ஆய்வில் உறுதிப்பட்டது.

முன்னாய்வுகள்

1660ல் ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹாஃபன்ரெஃபர், சொறியத் தூண்டும் வேண்டாத உணர்வே அரிப்பு என்று வரையறுத்தார். மூன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் மருத்துவ உலகம் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறது. சொறியத் தோன்றினால் அரிப்பு. அரித்தால் சொறியத் தோன்றும். வட்டம் முழுமையாக இருக்கிறது. வெளியே வரத்தான் வழியில்லை.

அடுத்து இங்கிலாந்தின் சார்ல்ஸ் ஷெரிங்டன். நாயின் தோலில் மெல்லிய ஊசி வழியாகச் சிறு மின்தூண்டல் கொடுத்துச் செயற்கைத் தெள்ளுப்பூச்சி ஒன்றை உண்டாக்கியவர். முதுகிலும் விலாவிலும் குதிரைச் சேணம் போட்டால் மூடக்கூடிய பரப்பில் எங்கே தூண்டினாலும் பின்னங்கால் எழுந்து நொடிக்கு நான்கைந்து முறை அடிக்கிறது என்று கண்டார். தண்டுவடத்துக்கு மூளையோடு தொடர்பு அறுந்த நாயிலும் கால் அடித்தது. 1906ல் வெளிவந்த அவர் நூலில் இந்தச் சொறி அனிச்சைக்குப் பெரிய இடம் உண்டு. நரம்பணுக்கள் பற்றிய ஆய்வுக்காக 1932ல் நோபல் பரிசும் பெற்றார்.

ஆக, சொறிவதற்கு மூளை தேவையில்லை. ஏன் சொறிகிறது என்று கண்டுபிடிக்கத்தான் மூளை தேவை. இவ்வீட்டில் நான்கு மூளைகள் இருந்தன. சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

அளவீட்டு முறை

நாயின் அரிப்பை வளர்ப்பவரே 0 முதல் 10 வரை மதிப்பிடும் அளவுகோல் ஒன்று கால்நடை மருத்துவத்தில் உண்டு. 6 என்றால் இரவிலும் சொறியும், ஆனால் தின்னும்போதும் விளையாடும்போதும் சொறியாது. 8 என்றால் தின்பதை நிறுத்திவிட்டும் சொறியும். ஒரே வாரத்தில் நால்வரும் தனித்தனியே மதிப்பெண் போட்டனர். ஆய்வாளர் 9, துணைவியார் 7, மகள் 5, கூடத்தின் மறுகோடியில் உறங்கும் தாயார் 3. இவ்வளவுகோல் அளந்தது நாயின் அரிப்பையா, கட்டிலுக்கும் நாய்க்கும் இடையிலான தூரத்தையா என்ற ஐயம் எழுந்தது. வாதப் பிரதிவாதங்களுக்குப் பின் 7 என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. தாயார் மட்டும் கையெழுத்திடவில்லை.

கருதுகோள்கள்

முதலாவது, தாயாருடைய கோழிக் கருதுகோள். “கோழி சூடுடா. தினம் கோழி போட்டா நாய் என்ன பண்ணும்? எனக்கே அரிக்கும்.” இதில் சூடு என்பதைப் புரதம் என்று திருத்தினால் கருதுகோள் நவீனமாகிவிடும். மாட்டிறைச்சி, பால்பொருள், கோழி, கோதுமை ஆகியவை நாய்க்கு ஒவ்வாமை தரும் உணவுகளில் முன்வரிசையில் நிற்பவை. சூட்டைத் தணிக்கத் தாயார் பரிந்துரைத்த மோர்ச்சாதமும் அதே வரிசையில் நிற்கிறது என்பதை அவரிடம் எடுத்துச் சொல்லும் துணிவு ஆய்வாளருக்கு இல்லை.

உணவு ஒவ்வாமையைக் கண்டறிய நம்பத்தகுந்த வழி ஒன்றே. நாய் இதுவரை தின்றிராத உணவை மட்டும் குறைந்தது 8 வாரம் கொடுத்து, பிறகு பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பது. மீனும் உருளைக்கிழங்கும் தொடங்கின. மூன்றாம் வாரம், தாயாரின் முந்தானை முடிச்சிலிருந்து டீக்கடைப் பொறை ஒன்று விழுந்தது. தினமும் காலையில் ஒன்று போய்க்கொண்டிருந்திருக்கிறது. விசாரணையில் அவர் அளித்த வாக்குமூலம்: “பொறையில ஏதுடா கோழி?” கோதுமையைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆய்வு முதல் நாளிலிருந்து மீண்டும் தொடங்கியது. இம்முறை 8 வாரம் முடிவில் மதிப்பெண் 7லிருந்து 6 ஆனது. கோழி திரும்பியதும் பத்தே நாளில் மீண்டும் 7. ஒரே ஒரு மதிப்பெண்தான். தாயார் அதை வெற்றி என்று தெரு முழுதும் அறிவித்தார்.

இரண்டாவது, துணைவியாருடைய தெள்ளுப்பூச்சிக் கருதுகோள். அவர் பேசவில்லை, சான்று காட்டினார். நெருக்கப் பல் சீப்பால் வாலடியை வாரி, வந்த கரும்பொடியை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் தட்டினார். பொடி செம்பழுப்பாகப் பரவியது. மண்ணாக இருந்தால் சிவக்காது. அது தெள்ளின் கழிவு, அதாவது செரித்த ரத்தம். தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஓரிரு கடியே போதும். நாய்மேல் பெரும்பாலும் காணப்படுவதும் உண்மையில் பூனைத் தெள்ளு என்னும் இனமே. ஆய்வு எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்ட பூனை இவ்விடத்தில் உள்ளே வருகிறது.

நாய்மேல் துள்ளும் பூச்சிகள் கூட்டத்தில் சிறு பகுதியே. முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் தரையிலும் மிதியடியிலும் சோபா இடுக்கிலும் கிடக்கின்றன. கூட்டுக்குள் இருப்பது வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் காத்திருந்து, காலடி அதிர்வும் உடற்சூடும் மூச்சுக்காற்றும் பட்டால் வெளியே பாயும். திருச்செந்தூருக்குக் குடும்பத்தோடு போய்ப் பத்து நாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தபோது கிடைத்த வரவேற்பு இவ்வுண்மைக்குச் சான்று. ஆய்வாளரின் கணுக்காலில் மட்டும் பதினான்கு.

மூன்றாவது, நுண்ணுயிரியல் படிக்கும் மகளின் தூசிக் கருதுகோள். மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிச் சிற்றுண்ணிகள் வாழ்கின்றன. அவற்றுக்கு உணவு, மனிதத் தோலிலிருந்து உதிரும் செதில். ஒவ்வாமை நாய்கள் பலவற்றுக்கு ஆகாத பொருள்களில் இந்த உண்ணி முக்கியமானது. மணி பகலெல்லாம் உறங்குவது ஆய்வாளரின் மெத்தையில். தரவுகளை இவ்வாறு அடுக்கி மகள் வந்தடைந்த முடிவு: “அப்பா, மணிக்கு உங்களைத்தான் ஒத்துக்கல.”

நான்காவது, ஆய்வாளரின் அழுக்குக் கருதுகோள். குளிப்பாட்டுவது போதவில்லை என்று கருதித் தம் சொந்த ஷாம்பூவால் நாள்தோறும் குளிப்பாட்டினார். நாயின் மேல்தோல் மனிதத் தோலைவிட மெல்லியது. மனிதத் தோல் அளவுக்கு அமிலத்தன்மையும் அதற்கில்லை. நமக்குச் செய்த ஷாம்பூ அதற்குப் பொருந்தாது. இரண்டாம் வாரம் மணியின் வயிறு காய்ந்து செதில் உதிர்த்தது, மதிப்பெண் 8. காரணத்தைத் தேடிப் புறப்பட்டவரே ஒரு காரணமாக முடிந்தது ஆய்வுலகில் புதிதன்று.

வெளியிலிருந்து வந்த கருதுகோள்கள் இரண்டு. பூக்கார அம்மா சொன்ன வேப்பெண்ணெயும் மஞ்சளும்: அன்று மாலைக்குள் நாயும் மஞ்சள், சோபாவும் மஞ்சள், மறுநாள் வாந்தியும் மஞ்சள். இதிலிருந்து இவ்வாய்வின் முதல் விதி பெறப்பட்டது: நாயைப் பொறுத்தவரை மேல்பூச்சு யாவும் உள்மருந்தே. மாடி வீட்டு மாமி சொன்ன கண் திருஷ்டி: உப்பும் மிளகாயும் சுற்றி நெருப்பில் போட்டதும் மணி தும்மத் தொடங்கியது. தும்மிக்கொண்டே சொறிய இயலாது என்பதால் நாற்பது நொடி முழு நிவாரணம் கிடைத்தது. எல்லாக் கருதுகோள்களிலும் விரைவான பலன் தந்தது இதுவே என்பதை நேர்மையோடு பதிவு செய்ய வேண்டியுள்ளது.

விவாதம்

மருத்துவரிடம் போனோம். வழியெல்லாம் ஆட்டோவில் சொறிந்துவந்த மணி, மருத்துவமனை வாசற்படியைத் தாண்டியதும் தவமிருக்கும் முனிவர்போல் அமர்ந்தது. ஆயினும் தோல் பொய் சொல்லவில்லை. தெள்ளு ஒவ்வாமை வாலடியிலும் பின்தொடையிலும் எழுதும். சூழல் ஒவ்வாமை பாதம், காது, அக்குள், அடிவயிறு எனத் தன் இடங்களைப் பிடித்துக்கொள்ளும். மணியின் உடலில் இரு கையெழுத்தும் இருந்தன. காதில் ஈரத்துணி மூட்டை வாடை; நாய்த்தோலில் எப்போதும் இருக்கிற ஈஸ்ட்டு, புண்பட்ட தோலில் பெருகிவிட்டிருந்தது.

“டாக்டர், காரணம் எது?” என்றார் ஆய்வாளர். நால்வரும் முன்னால் சாய்ந்தார்கள். இரண்டரை ஆண்டு வழக்குக்குத் தீர்ப்பு வரப்போகிறது.

மருத்துவர் சொன்னார்: “குடம் நிரம்பி வழியுது சார். எந்தச் சொட்டு வழிய வச்சதுன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? எந்தச் சொட்டைக் குறைக்க முடியும்னு பாருங்க.”

ஒவ்வொரு நாய்க்கும் அரிப்பின் விளிம்பு ஒன்று உண்டு. தூசி கொஞ்சம், தெள்ளு கொஞ்சம், உணவு கொஞ்சம், ஈஸ்ட்டு கொஞ்சம் என்று எல்லாம் கூடி விளிம்பைத் தாண்டினால் கால் எழும். விளிம்புக்குக் கீழே இருந்தால், காரணங்கள் அத்தனையும் இருந்தும் நாய் சும்மா இருக்கும். அதாவது கோழியும் கொஞ்சம் சரி. தெள்ளும் கொஞ்சம் சரி. தூசியும் கொஞ்சம் சரி. ஷாம்பூ கொஞ்சம் தவறு.

ஒரு குடும்பத்துக்கு இதைவிடக் கொடிய தீர்ப்பு இருக்க முடியாது. “நான் அப்பவே சொன்னேன்” என்ற தொடரை முழு உரிமையோடு ஆளும் தகுதி நால்வரில் எவருக்கும் கிட்டவில்லை. ஆட்டோவில் திரும்பும்போது யாரும் பேசவில்லை. மணி மட்டும் சொறிந்தது.

செயற்பாடு

குணமாக்குதல் வேறு, சமாளித்தல் வேறு. குணமாக்குதலுக்கு ஒரு நாள் போதும். சமாளித்தலுக்குக் காலண்டர் வேண்டும். தோற்ற கருதுகோள்கள் ஒவ்வொன்றும் ஒரு வேலையாக மாற்றப்பட்டு, உரியவரிடமே ஒப்படைக்கப்பட்டது. தாயார் பொறுப்பு மீன், பொறை ஒழிந்தது. துணைவியார் மாதம் தவறாமல் தெள்ளு மருந்து தருகிறார். நம் ஊரில் தெள்ளுக்குக் குளிர்கால விடுமுறை கிடையாது என்பதால் மருந்துக்கும் கிடையாது. மகள் வாரந்தோறும் படுக்கை விரிப்புகளைக் கொதிநீரில் துவைக்கிறார். மணிக்குத் தனி மெத்தை வந்தது. ஆய்வாளர் தெருவிலிருந்து திரும்பியதும் பன்னிரண்டு விரலிடுக்குகளைக் கழுவித் துடைக்கிறார்.

வாரம் ஒருமுறை மருந்து ஷாம்பூக் குளியல். நுரை 10 நிமிடம் தோலில் ஊற வேண்டும். 31 கிலோ நாயை 10 நிமிடம் நிறுத்துவதற்குக் கடிகாரம் உதவாது. தாயார் கந்த சஷ்டி கவசம் சொல்லத் தொடங்கி ஏறத்தாழப் பாதி வரும்போது தண்ணீர் ஊற்றலாம். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் என்று தொடங்கும் பழமொழி, முன்னோர் இச்சோதனையைச் செய்து பார்த்தார்கள் என்பதற்கு அகச்சான்று. அவர்கள் 10 நிமிடம் ஊறவிட்டார்களா என்பதைப் பழமொழி தெளிவாக்கவில்லை.

மருந்துகளும் உண்டு. ஸ்டீராய்டு தந்த வாரத்தில் அரிப்பு 2 ஆனது. பசியும் தாகமும் 10ஐத் தாண்டின. இரவில் சொறிவதற்குப் பதில் சிறுநீர் கழிக்க எழுப்பியது. பின்னர் வந்தது அரிப்புச் செய்தி உடலுக்குள் கடத்தப்படும் வழியை மறிக்கும் ஓக்லாசிடினிப் மாத்திரை. அமெரிக்காவில் 2013ல் ஒப்புதல் பெற்றது. இன்டர்லூகின்-31 என்ற ஒற்றைத் தூதுப்புரதத்தைப் பிடித்துக் கட்டிவைக்கும் ஊசியும் உண்டு. எதைத் தருவது, எவ்வளவு, எத்தனை நாள் என்பது மருத்துவர் இயல். ஆய்வாளர் அதில் தலையிடவில்லை. ஷாம்பூ கற்பித்த பாடம் அது.

இப்போதைய மதிப்பெண் 3. தாயார் தொடக்கத்திலேயே 3 போட்டதைச் சுட்டிக்காட்டுகிறார்.

மேலாய்வுக் களம்

ஒன்றே ஒன்று எஞ்சுகிறது. மாலையில் ஆய்வாளர் படிக்கட்டில் உட்கார்ந்தால் மணி முதுகைக் காட்டிக்கொண்டு வந்து நிற்கும். தோளுக்குப் பின்னால், விலாவுக்குச் சற்று மேலே, அதன் கால் எட்டாத ஓர் இடம். ஷெரிங்டனின் சேணத்துக்குள் சரியாக விழும் இடம். அங்கே விரலால் சொறிந்துவிட்டால், பின்னங்கால் தானாக எழுந்து காற்றில் அடிக்கும். தோலைத் தொடாது, எதையும் தொடாது. கண் பாதி மூடியிருக்கும். உதடு ஒரு பக்கம் கோணும். இரவு இரண்டு மணிக்குக் கட்டிலை ஆட்டிய அதே கால், அதே நொடிக்கு நான்கைந்து.

இதற்கு எத்தனை மதிப்பெண் போடுவது என்று மகள் கேட்டார். அளவுகோலைப் புரட்டிப் பார்த்தோம். 0 முதல் 10 வரை இதற்கு இடம் இல்லை. பதிவேட்டில் அன்றைய கட்டம் வெறுமையாக விடப்பட்டது. மணி திரும்பிப் பார்த்ததால் விரல் மீண்டும் வேலையைத் தொடங்கியது.