சூடு என்று ஒரு சொல்

ஓரிக்கைக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், பெண்களுக்கு வரும் பாதி நோய்க்கு ஒரே பெயர்தான்: சூடு. கண் எரிந்தால் சூடு. நீர்க்கடுப்பு வந்தால் சூடு. வெள்ளைப்பட்டால் ரொம்பச் சூடு. மருந்தும் ஒன்றுதான்: ராத்திரியே மோரில் ஊறப்போட்ட வெந்தயம்.

1989இல் எனக்குத் தலைப்பிரசவம். வயது 20. வீட்டில் குழித்தறி. கோர்வைச் சேலைக்கு ஓர் ஆள் போதாது. வீட்டுக்காரர் குழிக்குள் கால் வைத்து நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக்கொடுப்பது என் வேலை. வளைகாப்பு முடிந்து எட்டாம் நாள், கை நிறையக் கண்ணாடி வளையல். நாடாவைத் தள்ளும்போதெல்லாம் அது கலகலக்கும். அன்றைக்கு உட்கார்ந்த இடத்தில் வெதுவெதுவென்று ஈரம். எழுந்து பார்த்தேன். கோணி உள்ளங்கை அகலத்துக்கு நனைந்திருந்தது. நிறம் இல்லை, மூத்திர வாடையும் இல்லை. முதலில் வந்த பயம் பிள்ளையைப் பற்றியதல்ல, பட்டில் பட்டுவிட்டதோ என்பதுதான். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அத்தையிடம், "வெள்ளைப்படுது அத்தை" என்றேன். வேறு சொல் எனக்குத் தெரியாது.

"சூடுதாம்மா. நாள் பூரா தறியண்ட உக்காந்தா வேற என்ன ஆவும்?" என்று வெந்தய மோரைக் கலக்கிக் கொடுத்தார். அத்தை நல்லவர். தெரிந்த வைத்தியத்தைப் பாசத்தோடுதான் செய்தார். மூன்று நாள் குடித்தேன். இருமினாலும் எழுந்தாலும் சளக்கென்று வந்துகொண்டே இருந்தது. நாலாம் நாள் குளிர்காய்ச்சல். வாடகைக் கார் தேடிப் பிடித்துக் காஞ்சிபுரம் போய்ச் சேர்வதற்குள் இடுப்புவலி எடுத்துவிட்டது. ஏழாம் மாதத்துப் பிள்ளை, ஆண்.

"இது வெள்ளை இல்லம்மா, பனிக்குடத்துத் தண்ணி. அன்னிக்கே வந்திருக்கணும்" என்றார் டாக்டரம்மா. பனிக்குடம் பிரசவ வலியோடுதான் உடையும் என்று நினைத்திருந்தேன். வலியே இல்லாமல், மாதம் ஆகாமலே, சொட்டுச் சொட்டாகவும் கசியும் என்று அப்போதுதான் கேள்விப்பட்டேன்.

கணிகண்ணனும் திருமழிசை ஆழ்வாரும் காஞ்சியை விட்டுப் போனபோது பெருமாளும் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடவே கிளம்பி, ஓர் இரவு தங்கிய இடம் இது; ஓரிரவிருக்கைதான் ஓரிக்கை ஆயிற்று என்பார்கள் எங்கள் ஊரில். என் பிள்ளைக்கும் இந்த உலகத்தில் ஓர் இரவுதான்.

பிறகு பிறந்த மகள் போன மாசியில் வளைகாப்பு முடிந்து வீட்டுக்கு வந்தாள். பி.காம். படித்தவள், ஒரகடத்தில் வேலை. கையில் எந்நேரமும் போன், அதில் கர்ப்பத்தைப் பற்றி இல்லாத விஷயம் இல்லை. கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வந்து, தாய் சேய் அட்டையைப் புரட்டி, "வேற ஏதாவது தொந்தரவு இருக்காம்மா?" என்று கேட்டார். என் மகள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "கொஞ்சம் உடம்பு சூடு சிஸ்டர்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "சூடுன்னா என்னடி? என்ன நிறம், என்ன வாடை, அரிப்பு இருக்கா, எவ்ளோ படுது? அதைச் சொல்லு" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன். பிறகுதான் வாயைத் திறந்தாள். தயிர்த் திப்பி மாதிரி கெட்டியாக, தாங்க முடியாத அரிப்போடு.

செவிலியர் நிதானமாக விளக்கினார். கர்ப்பத்தில் வெள்ளைப்படுவது கூடத்தான் செய்யும். நீர்த்து, வெள்ளையாகவோ நிறமில்லாமலோ, கெட்ட வாடை இல்லாமல் இருந்தால் பயமில்லை. திப்பியும் அரிப்புமாக இருந்தால் அது பூஞ்சைத் தொற்று. சாம்பல் நிறத்தில் மீன் வாடை அடித்தாலோ, மஞ்சளாய் பச்சையாய் நுரைத்தாலோ அவை வேறு கிருமிகள், மருந்தும் வேறு வேறு. மாத்திரையை நாமே கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது, உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவவும் கூடாது. ரத்தம் துளி பட்டாலும் காத்திருக்காமல் வந்துவிட வேண்டும்.

சர்க்கரை கூடினாலும் இந்தப் பூஞ்சை வரும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கவைத்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். 140ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிறாக இருக்க வேண்டியதில்லை. தூரத்திலிருந்து பஸ் ஏறி வரும் கர்ப்பிணிகளுக்கு எவ்வளவு ஆறுதல்! இந்த எளிய முறைக்காகப் பாடுபட்டவர் நம் சென்னை மருத்துவர் வி. சேஷையா. அவர் பிறந்த மார்ச் 10ஐத்தான் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக நாடே கடைப்பிடிக்கிறது. மகளுக்குச் சர்க்கரை இல்லை. உள்ளே வைக்கும் மாத்திரையில் ஒரு வாரத்தில் குணமானது.

பனிக்குடத்தைப் பற்றி நானே கேட்டேன். 34 வாரத்துக்குள் தண்ணீர் போனால், பிள்ளையின் நுரையீரல் முதிர்வதற்கு 12 மணி நேரத்துக்கு ஒன்றாக 4 டெக்சாமெத்தசோன் ஊசி போடுகிறார்களாம். தாய்க்குக் கிருமி ஏறாமல் இருக்கவும் மருந்து உண்டாம். 4 ஊசிக்கு இரண்டு நாள்கூட ஆகாது. நான் மூன்று நாள் மோர் குடித்துக்கொண்டிருந்தேன்.

33ஆம் வாரத்தில் ஒரு ராத்திரி, "அம்மா, ஈரமா இருக்கு" என்று எழுப்பினாள். டியூப்லைட்டைப் போட்டு, வெள்ளைத் துணி ஒன்றை வைக்கச் சொல்லி, வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தோம். நிறமில்லை. வாடை பிடிபடவில்லை. பிள்ளை அசைகிறதா என்று கேட்டேன், அசைகிறது என்றாள். எனக்கு அது போதவில்லை. 108 ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். 2008க்குப் பிறகு எங்கள் பக்கத்துப் பெண்கள் நடுராத்திரியில் கார் தேடி அலைவது நின்றதே இந்த வண்டியால்தான்.

அந்தத் துணியையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப்போனேன். டாக்டர் அதைப் பார்த்தார், கருவி வைத்தும் பரிசோதித்தார். பனிக்குடம் கசியவில்லை, நீர்த்த வெள்ளைதான் என்றார். எதற்கு வந்தீர்கள் என்று ஒருவரும் கடிந்துகொள்ளவில்லை.

விடியற்காலை ஆட்டோவில் திரும்பினோம். "உன்ன வீணா அலைய வெச்சிட்டேம்மா" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அவள் கை என் மடியில் இருந்தது. ரோட்டுப் பள்ளத்தில் ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் வளையல் கலகலத்துக்கொண்டே வந்தது.