கச்சான் காற்றும் டோர்ட்முண்டும்

ஆடி பிறந்தால் எங்கள் வீட்டில் இரண்டு காரியம் நிச்சயம். கச்சான் காற்று முற்றத்து மணலை அள்ளிக் குசினிக்குள் கொட்டும். என் தங்கையின் மகன் சோறு தின்னாமல் கிடப்பான். 2024 ஜூலையில் அவன் கிடந்த கிடையைப் பார்த்துத் தங்கை பயந்தே போனாள். காதல் தோல்வியாக்கும் என்று என்னை விசாரிக்க அனுப்பினாள்.

"நாலுக்குப் பூச்சியம் மாமா."

"ஆர் அடிச்சது? ஆருக்கு?"

"தாய்லாந்துக் கழகமொண்டு. டோர்ட்முண்டுக்கு."

பாங்கொக் பக்கத்தில் பிஜி பத்தும் யுனைட்டட் என்று ஒரு கழகம். சில வாரங்களுக்கு முன்னர்தான் வெம்பிளியில் ரியல் மட்ரிட்டுக்கு எதிராக ஐரோப்பிய இறுதியாட்டம் ஆடிய ஜேர்மன் கழகத்துக்கு அது நாலு கோல் போட்டு அனுப்பிவிட்டது. "உது பயிற்சி மட்ச்தானே மனே, எழும்பிச் சோத்தத் தின்னு" என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம்தான் இருந்தது. பருவம் தொடங்குவதற்கு முந்திய ஆட்டங்களில்தான் ஒரு அணியின் குறை நிறை தெரியுமாம். புதுப் பயிற்றுநர் நூரி ஷாஹினின் திட்டம், ஆட்டக்காரரின் உடல் தகுதி, ஜப்பானில் அடுத்த ஆட்டம், பிறகு சுவிற்சலாந்தின் பாட் ரகாஸ் மலையடிவாரத்தில் முகாம் என்று எல்லாம் ஒப்புவித்தான். அந்த முகாமில் காலையில் என்ன தின்பார்கள் என்பதுகூட அவனுக்குத் தெரிந்திருந்தது. அவன் தாய் காலையில் அவித்து வைத்த பிட்டு மேசையில் ஆறிக் கிடந்தது.

எங்களுக்கும் பருவத்துக்கு முந்திய காலம் ஒன்று இருந்தது. எழுபதுகளில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், எங்கள் கழகத்தில். (கழகத்தின் பெயர் வேண்டாம். அந்த நாளைய பொருளாளர் இன்னும் சுகமாக இருக்கிறார், கணக்கும் இன்னும் ஒப்படைக்கப்படவில்லை.) பெரும்போக வெள்ளாமை வெட்டிச் சூடடித்து முடிந்ததும் களவெட்டி வெறுமையாகும். அதுதான் எங்கள் பாட் ரகாஸ். மிதிபட்டு இறுகிய அந்த நிலத்தில் பந்து ஓடுகிற ஓட்டம் வேறெங்கும் வராது. களவெட்டிக்கு வெளியே போனால் வெட்டிய வெள்ளாமையின் அடிக்கட்டை வெறுங்காலில் ஏறும். பந்தை எல்லைக்குள் வைத்திருக்க எங்களுக்குப் பயிற்றுநர் தேவைப்படவில்லை.

பந்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இப்போதைய பிள்ளைகளுக்கு அது தெரியாது. தோல் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த கபிலநிறப் பந்து. ஒரு பக்கம் வாய் பிளந்திருக்கும், அதற்குள் ரப்பர் பிளாடர். பிளாடரின் குழாயைச் சைக்கிள் பம்பில் மாட்டி ஊதி, குழாயை மடக்கி நூலால் இறுக்கிக் கட்டி, உள்ளே தள்ளி, வாயைச் சப்பாத்து லேஸ் மாதிரித் தோல் வாரால் கோத்துக் கட்டவேண்டும். கட்டுகிறவன் கை தேர்ந்தவனாக இல்லாவிட்டால் அந்த முடிச்சு புடைத்து நிற்கும். உயர வரும் பந்தைத் தலையால் முட்டுகிறவன் நெற்றியில் முடிச்சு பதிந்து, அவன் மறுநாள் பள்ளிக்கூடத்தில் எங்கே போனான், என்ன செய்தான் என்பதை ஆசிரியர் கேட்காமலே அறிந்துகொள்வார். மழையில் நனைந்தால் தோல் தண்ணீர் குடித்துக் கனக்கும். பிளாடர் ஓட்டையானால் சைக்கிள் கடைக்காரர் சொலுஷன் பூசி ஒட்டுவார். காசு கேட்கமாட்டார், ஆனால் தன் மகனை முன்வரிசையில் ஆடவிடச் சொல்வார். ஆட்டக்காரரை வாங்கி விற்பதெல்லாம் ஐரோப்பாவில்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சந்தா மாதம் ஒரு ரூபா. காசில்லாதவர்கள் மரைக்காலால் அளந்து நெல்லாகக் கொடுத்தார்கள். நெல்லும் கொடுக்காதவர்களின் பெயர் கொப்பியில் சிவப்பு மையால் எழுதப்பட்டது. அந்தச் சிவப்புப் பட்டியலின் தலைமாட்டில் நிரந்தரமாக இருந்த பெயர் என் மச்சானுடையது.

மட்டக்களப்பு நகரில் மட்ச் என்றால் வாவியைக் கடக்கவேண்டும். மண்முனைத் துறையில் அப்போது பாலமில்லை, பாதை என்கிற மிதவைதான். பதினொரு ஆட்டக்காரர், ஒரு பந்து, ஆளுக்கொரு சைக்கிள், ஆதரவாளர்கள், அவர்களுக்கு இடையில் யாரோ ஒருவரின் கன்றுக்குட்டி என்று பாதை தாழ்ந்து போகும். திரும்பி வர அந்திக்குப் பிறகு பாதை இல்லை. இதனால் நாங்கள் மேலதிக நேரம் என்ற ஒன்றை ஆடியதே கிடையாது. சமநிலையில் முடிந்தால் நாணயம் சுண்டி முடிவெடுங்கள் என்று மத்தியஸ்தரிடம் கெஞ்சுவோம். ஒருமுறை வெற்றிபெற இருந்த நிலையிலேயே கடைசிப் பத்து நிமிடத்தை விட்டுக்கொடுத்துத் துறைக்கு ஓடினோம். டோர்ட்முண்டின் வீரர்கள் தனி விமானத்தில் பறந்தார்கள் என்று மருமகன் சொல்லும்போது, அந்த விமானம் இவர்களுக்காகக் காத்து நிற்குமா என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

நகரத்து மைதானம் என்றால் வெபர் சுவாமியை விட்டுவிட்டுப் பேச முடியாது. அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்த யேசு சபைத் துறவி, ஹரல்ட் ஜோன் வெபர். புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளை மைதானத்துக்கு இழுத்து வந்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரெஞ்சு யேசு சபையாரின் இடத்துக்கு நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்தார் வந்தபோது, வேதத்தோடு கூடைப்பந்தும் விசிலும் சேர்ந்து வந்தன. நகர விளையாட்டரங்குக்கு இன்று அவர் பெயர்தான். சைவப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் 'வெபர் மைதானத்துக்குப் போறன்' என்றுதான் வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுகிறார்கள்.

டோர்ட்முண்டின் கதையிலும் ஒரு சுவாமி வருகிறார், ஆனால் மறுபக்கத்தில். 1909 டிசம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. போர்சிக் சதுக்கத்துக்குப் பக்கத்தில், உருக்காலைத் தொழிலாளர் வாழும் பகுதியில், திரித்துவக் கோயில் இளைஞர் சங்கப் பையன்கள் ஒரு மதுக்கடையின் மாடியில் கூடினார்கள். உதைபந்து முரட்டு விளையாட்டு, ஞாயிறு வழிபாட்டைக் கெடுக்கிறது என்று ஹூபர்ட் டேவால்ட் என்ற துணைக்குருவுக்குக் கோபம். கூட்டத்தைக் கலைக்க அவரே வந்தார். வாசலில் வைத்தே தடுத்துவிட்டார்கள். அன்று உள்ளே நின்ற 18 பேர் தொடங்கிய கழகம்தான் போருஸியா டோர்ட்முண்ட். பெயருக்கு அதிகம் யோசிக்கவில்லை, பக்கத்து பியர் ஆலையின் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். முதலில் உடுத்தது நீலமும் வெள்ளையும். இன்று உலகமே அறிந்த மஞ்சளும் கறுப்பும் 1913இல் வந்தவை. தங்கள் பழைய மைதானத்தை 1930களில் பறிகொடுத்து வேறிடம் போனார்கள். இப்போது 81 ஆயிரம் பேர் கொள்ளும் அரங்கு, அதில் தென்பக்கத்தில் ஏறக்குறைய 25 ஆயிரம் பேர் நின்றுகொண்டே பார்க்கிறார்கள். நின்று பார்ப்பது எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் மைதானத்தில் உட்கார இடமே இருந்ததில்லை.

இவ்வளவும் எனக்குத் தெரிந்தது அந்த மச்சானால். சிவப்பு மைக்காரர். எண்பதுகளின் நடுவில் அகதியாக ஜேர்மனிக்குப் போய், உணவகக் குசினியில் கோப்பை கழுவி, போர்சிக் சதுக்கத்துக்குக் கிட்டவே வீடெடுத்துக் குடியானார். இப்போது அவர் டோர்ட்முண்டின் சந்தா கட்டும் அங்கத்தவர். எங்கள் ஒரு ரூபாவுக்கு ஒளித்துத் திரிந்த மனிதர், ஆண்டுதோறும் ஈரோவில் ஒரு நாளும் தவறாமல் கட்டுகிறார். அட்டையை வீடியோ அழைப்பில் காட்டினார்.

"மச்சான், இஞ்ச அங்கத்தவனுக்கு வாக்கிருக்கு. கழகம் எங்கட."

அது உண்மைதான். ஜேர்மனியில் காசுக்காரன் எவ்வளவு கொட்டினாலும், சில விதிவிலக்குகள் தவிர, வாக்குகளில் பாதிக்கு மேல் அங்கத்தவர் கையில் இருக்கவேண்டும் என்பது விதி. டோர்ட்முண்ட் பங்குச் சந்தைக்குப் போன கழகம். 2005இல் கடனில் மூழ்கிக் கதவடைக்கும் நிலைக்கும் வந்தது. அப்போதும் அங்கத்தவர் கழகத்தை விட்டு ஓடவில்லை. இன்று அவர்கள் தொகை 2 லட்சத்துக்கும் மேல். எங்கள் கழகத்தின் கடைசிப் பொதுக்கூட்டத்துக்குச் செயலாளர், பொருளாளர், தேநீர் கொண்டுவந்த பையன் ஆகியோர் சமுகமளித்திருந்தார்கள்.

ஆனால் இப்போதைய கழகங்களை ஏழை என்று சொல்லிவிடாதீர்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு வாவியைக் கடப்பது ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம்கூட இல்லை. சுற்றுப்போட்டி என்றால் மின்வெளிச்சம், ஒலிபெருக்கியில் நேர்முக வர்ணனை, மேலே ட்ரோன். அணிக்கு ஏழு பேர்தான். பதினொரு பேரைச் சேர்ப்பது கஷ்டமாம், பாதிப் பேர் கட்டாரில். ஜேர்சி மட்டும் ஆண்டுக்கு ஒன்று. முன்பக்கத்தில் கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் குடும்பம் ஒன்றின் காலஞ்சென்ற தகப்பனார் சிரித்துக்கொண்டிருக்கிறார். கோல் அடித்த பையன் சந்தோஷத்தில் ஜேர்சியை இழுத்து முத்தமிடும்போது யாருடைய அப்பாவுக்கோ முத்தம் விழுகிறது. கழகத்தின் பெயர் முதுகில், சின்ன எழுத்தில்.

நாட்டின் அணியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2023 ஜனவரியில் பீஃபா இலங்கையை இடைநிறுத்தியது, ஓகஸ்ட் வரை நாங்கள் உதைபந்து உலகத்தில் இல்லை. மருமகனுக்கு அது தெரியவே பல மாதம் ஆயிற்று. அந்நேரம் அவன் டோர்ட்முண்ட் கடைசி நாளில் கிண்ணத்தைப் பறிகொடுத்த துக்கத்தில் இருந்தான். 2024 செப்டெம்பரில் இலங்கை கம்போடியாவைப் பெனால்டியில் வென்றபோது அணியில் ஒரு ஜேர்மன் பெயர் இருந்தது, கிளாடியோ கம்மர்க்னெஹ்ட். அப்போது டைனமோ டிரெஸ்டன் கழகத்தின் பின்வரிசை ஆட்டக்காரர், இலங்கை வம்சாவளி. ஜேர்மன் லீக்கில் ஆடுகிறவன் எங்கள் நாட்டுக்கு ஆடுகிறானே, பார்த்தாயா என்றேன். "டிரெஸ்டன் அப்ப மூண்டாம் பிரிவு மாமா" என்றான். அதோடு பேச்சு முடிந்தது.

அவனைக் குறைசொல்லி என்ன? டோர்ட்முண்டைப் பற்றி அவனுக்கு எல்லாம் தெரிவதற்குக் காரணம், அவர்கள் எல்லாவற்றையும் எழுதி வைத்ததுதான். பார்க்கப்போனால் புண்டஸ்லீகாவின் முதலாவது கோலுக்குப் படமே கிடையாது. 1963 ஓகஸ்ட் 24, பிரேமன் நகரில், ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம் ஆகுமுன் டோர்ட்முண்டின் டிமோ கொனியெட்ஸ்கா அடித்துவிட்டார். படப்பிடிப்பாளர்கள் எல்லோரும் மறுபக்கத்துக் கோலுக்குப் பின்னால் நின்றிருந்தார்களாம். படம் இல்லை, ஆனால் நாள் இருக்கிறது, பெயர் இருக்கிறது, அன்று டோர்ட்முண்ட் 2–3 என்று தோற்றதும் இருக்கிறது. கழகத்தைத் தொடங்கிய ஃபிரான்ஸ் யாக்கோபியைப் பற்றி நூறு வருடம் கழித்து ரசிகர்களே காசு சேர்த்துப் படம் எடுத்தார்கள்.

எங்களிடமும் எழுதினவை இருந்தன. முதற்கொப்பி 1978 நவம்பர் 23 சூறாவளியில் செயலாளரின் கூரையோடு போயிற்று. இரண்டாவது கொப்பி 1990இல் ஊர் இடம்பெயர்ந்தபோது வீட்டுக்குள் கிடந்தது, திரும்பி வந்தபோது வீடே இல்லை. அந்த ஆண்டு போனது கொப்பி மட்டுமல்ல. ஓகஸ்ட் 15ஆம் திகதி, புனித மிக்கேல் கல்லூரிக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்த யூஜின் ஜோன் ஹெபர் சுவாமி வாழைச்சேனையிலிருந்து ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். கூட ஒரு இளைஞனும் இருந்தான். இருவரும் வந்து சேரவே இல்லை. எங்கள் முன்வரிசையில் ஆடிய ஐவரில் நான் இன்று போய்க் கதைக்கக்கூடியவர் ஒருவர்தான். அவருக்கு ஞாபகம் மங்கிவிட்டது. மண்முனைத் துறைக்கு ஓடி விட்டுக்கொடுத்த அந்த மட்ச்சில் இரண்டாவது கோல் தான் அடித்தது என்கிறார் அவர். நான் அடித்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். மச்சானைக் கேட்டால் தான் அடித்தது என்கிறார். அவர் அன்று பாதையில் கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆகவே இதை வாசிக்கும் பழைய ஆட்டக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். எழுவான்கரையோ படுவான்கரையோ, எந்தக் கழகமானாலும் சரி. ஆண்டு, எதிரணி, எத்தனைக்கு எத்தனை, கோல் அடித்தவர் யார் என்ற நாலையும் ஒரு ஒற்றையில் எழுதி உங்கள் ஊர் வாசிகசாலையில் கொடுத்து வையுங்கள். பழைய படம் ஏதும் பெட்டிக்குள் கிடந்தால் அதில் நிற்கிறவர்களின் பெயரையும் படத்தின் பின்பக்கத்தில் எழுதுங்கள். கோல் அடித்தவர் யார் என்பதில் தகராறு இருந்தால் எல்லோருடைய பெயரையும் எழுதுங்கள். என் மச்சானுடையதை மட்டும் சிவப்பு மையால்.