பதினாறு கேட்டார், அரை கிடைத்தது

1980களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் செரிட்டனின் குழு 'வி' என்று ஓர் இயங்குதளம் கட்டியது. அதில் இயங்கிய கணினிகள் வாயாடிகள். ஒரே ஈதர்நெட் கம்பியில் தொங்கியவரை தொல்லையில்லை: குழுவுக்கென ஒரு முகவரி, அதற்கு ஒரு முறை கத்தினால் போதும், வேண்டியவர்கள் காதில் விழும். சில கணினிகள் ரௌட்டருக்கு அந்தப் பக்கம் குடிபோனதும் பேச்சு நின்றது. ரௌட்டர் கறாரான வாட்ச்மேன். குழுவுக்கு வந்த கடிதமெல்லாம் அதற்குப் புரியாது. சரிசெய்யும் வேலை ஸ்டீவ் டீரிங் என்ற ஆராய்ச்சி மாணவர் தலையில் விழுந்தது.

அதுவரை இரண்டே வழி. வீடு வீடாகப் போய்ப் பத்திரிகை வைக்கலாம், கால் தேய்ந்துவிடும். லவுட்ஸ்பீக்கர் கட்டலாம், தூங்குகிற ஊரும் எழுந்து திட்டும். டீரிங் மூன்றாவதாக ஒன்று சொன்னார். கேட்க ஆசைப்படுகிறவர் தன் தெரு ரௌட்டரிடம் பெயர் கொடுக்கட்டும். அனுப்புகிறவர் ஒரே பிரதி அனுப்பட்டும். பாதை பிரிகிற இடத்தில் ரௌட்டரே நகலெடுத்துக்கொள்ளும். இதுதான் மல்டிகாஸ்ட்.

ரௌட்டர் அவ்வப்போது "யாராவது கேட்கிறீங்களா?" என்று குரல் கொடுக்கும். கேட்கிற கணினிகள் உடனே பதில் சொல்லக்கூடாது. ஆளுக்கொரு சிறு நேரம் சும்மா இருக்கவேண்டும். அதற்குள் அதே குழுவில் வேறொருவர் "ஆமாம்" என்றுவிட்டால் மற்றவர்கள் வாயே திறக்கவேண்டாம். 'எவனாவது சொல்லித் தொலைக்கட்டும்' என்கிற நம் அலுவலகக் கூட்டத்துப் பண்பாட்டை விதியாகவே எழுதிவைத்த ஆவணம், 1989இல் வந்த ஆர்எஃப்சி 1112.

அடுத்தது முகவரிப் பஞ்சாயத்து. குழுக்களுக்கு 224இல் தொடங்கி 239 வரையிலான ஐபி முகவரிகள் ஒதுக்கப்பட்டன. குழுவைப் பிரித்துக்காட்ட அவற்றில் 28 பிட். ஈதர்நெட்டில் ஒரு முகவரித் தொகுதி வாங்கினால் கிடைப்பதோ 24 பிட். ஆக, டீரிங்குக்கு அடுத்தடுத்து 16 தொகுதி தேவைப்பட்டது; அப்போது ஒன்று 1,000 டாலர். வலைப்பின்னல்காரர்கள் சொல்லிச் சொல்லி வளர்த்த கதைப்படி, இணையத்தின் எண் கணக்கப்பிள்ளையான ஜான் போஸ்டல் ஒரே ஒரு தொகுதி வாங்கினார். அதிலும் பாதியைத் தானே வைத்துக்கொண்டு மீதியை டீரிங் கையில் கொடுத்தார். கதை எப்படியோ, கிடைத்தது 23 பிட் என்பது இன்றைக்கும் மாறாத உண்மை. 5 பிட் பற்றாக்குறை. அதனால் 32 குழுக்கள் ஒரே கதவு எண்ணில் குடித்தனம். பக்கத்துப் போர்ஷன் கடிதம் நம் வீட்டில் விழ, பிரித்துப் பார்த்து, "நமக்கில்லை" என்று தூக்கிப்போட வேண்டியிருக்கிறது. சிக்கனமாகப் பேசக் கண்டுபிடித்த முறைக்கே கைச்செலவு சிக்கனமாகத்தான் கிடைத்தது!

கடைகளில் விற்ற ரௌட்டர்களுக்கு இந்த மல்டிகாஸ்ட் பாஷை அப்போது தெரியாது. எனவே குழுப் பொட்டலத்தைச் சாதாரணப் பொட்டலத்துக்குள் ஒளித்து அனுப்பினார்கள். அப்படி ஒட்டுப்போட்ட வலைக்குப் பெயர் எம்போன். 1992 மார்ச்சில் சான் டியாகோவில் நடந்த பொறியாளர் கூட்டத்தின் பேச்சொலி அதில் போனது. 

1994 நவம்பர் 18. டல்லாஸில் ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரி, எம்போனில் நேரலை. உலகப்புகழ் கோஷ்டி இணையத்துக்கே வந்துவிட்டதாக ஏக விளம்பரம். ஆனால் எம்போன் என்கிற மண்டபத்துக்குக் கதவும் இல்லை, டிக்கெட் கிழிப்பவரும் இல்லை. குழு முகவரி தெரிந்த எவரும் கேட்கலாம், எவரும் பாடலாம். சிவியர் டயர் டேமேஜ் என்று ஒரு கோஷ்டி இருந்தது. கார் நிறுத்துமிடத்தில் 'பின்னால் எடுத்தால் டயர் கிழியும்' என்று வைக்கும் பலகைதான் பெயர்க்காரணம். எல்லாரும் கணினி ஆசாமிகள். டிரம்ஸ் அடித்தவர் ஸெராக்ஸ் பார்க் ஆராய்ச்சிக்கூடத்தின் மார்க் வைஸர். 1993 ஜூனிலேயே அவர்கள் இணையத்தில் நேரலையாக வாசித்துவிட்டவர்கள். ஸ்டோன்ஸ் தொடங்கும் முன் சாவகாசமாக வந்து, தங்கள் பாட்டை எடுத்துவிட்டார்கள்.

யாரும் கூப்பிடவில்லை. ஆனால் மைக்கைப் பிடுங்கலாம் என்றால், மைக் எங்கே இருந்தது?